மலைநாட்டுக்கு ஒரு கெப் வண்டி வீடு: முதலில் பாரம், பிறகு ஈரம்

கெப் வண்டியின் (பிக்அப்) பின்தொட்டியில் ஒரு பெட்டியைப் பூட்டி, அதற்குள்ளேயே சமைத்துப் படுத்து ஊர் சுற்றுவது பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி வறண்ட, சமதரையான நாடுகளுக்காக எழுதப்பட்டது. இலங்கை மலைநாட்டின் நுவரெலியாவுக்கும் அப்புத்தளைக்கும் அது சரிவராது. இங்கே இந்தப் பெட்டிகளைக் கெடுப்பவை இரண்டு: தாங்காத பாரமும் வெளியேறாத ஈரமும். கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் பலர் கையில் இருப்பது பழைய வண்டி. பழையதில் பெட்டி கட்டுவதில் தவறில்லை. பின் ஸ்பிரிங் தட்டுகள் வளைவு போய் நிமிர்ந்துவிட்டனவா, சசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தில் துரு ஊறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு அளவெடுங்கள்.

இரண்டு வரிசை இருக்கை உள்ள டபள் கெப்பா, ஒரே வரிசை உள்ள சிங்கிள் கெப்பா என்றால் மலைக்கு என் தேர்வு சிங்கிள் கெப். டபள் கெப்பின் தொட்டி சுமார் 1.5 மீட்டர்தான். ஆள் நீட்டிப் படுக்க 1.9 மீட்டர் வேண்டும். மிச்சம் பின்னால் தொங்கும், அல்லது முன்கூரைக்கு மேல் ஏறும். பின்னால் தொங்கும் பாரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளி இருக்கிறது, பின் அச்சிலிருந்து 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைக்கிறீர்கள். பின் சக்கரங்களில் 133 கிலோ கூடும், முன் சக்கரங்களில் 33 கிலோ குறையும். மழையில் நனைந்த ஏற்றத்தில், கொண்டைஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்ப்பது இதனால்தான். சிங்கிள் கெப்பின் தொட்டி ஏறக்குறைய 2.3 மீட்டர். பெட்டி முழுதும் அதற்குள்ளேயே உட்காரும், பாரத்தின் பெரும்பகுதியும் பின் அச்சை ஒட்டியே நிற்கும்.

பட்டா லொறியிலும் (டாட்டா ஏஸ்) கட்டலாம். ஆனால் அதன் தாங்குதிறன் 750 கிலோ, பழைய டீசல் என்ஜினின் வலு 16 குதிரைசக்தி. பண்டாரவளை, வெலிமடை வட்டத்துக்குள்ளே ஒருவர் தங்கிப் போக அது போதும். குடும்பத்தோடு கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏற்றுவது அந்த என்ஜினுக்குச் செய்யும் அநியாயம். 1,868 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத என்ஜின் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். பதினாலரை அடி லொறியில் இடம் தாராளம்தான். ஆனால் தோட்டத்துப் பாதை வளைவுகளில் ஒவ்வொரு முடக்கிலும் ரிவேர்ஸ் போட வேண்டிவரும். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வரை போகிறதோ, அதைவிடப் பெரிய வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பாரத்தைக் கட்டுவதற்கு முன்பே தாளில் எழுதுங்கள். 1,000 கிலோ தாங்கும் வண்டி என்றால்: வெறும் பெட்டி 380, இரண்டு பேர் 140, தண்ணீர் 60 லீட்டர் 60, காஸும் அடுப்பும் பாத்திரமும் 25, பேட்டரியும் சோலாரும் வயரும் 30, படுக்கையும் துணியும் 40, சாமான் 25, ஸ்பெயார் டயரும் ஜக்கும் கருவிகளும் 45. மொத்தம் 745. மீதி 255 கிலோவை நிரப்பப் பார்க்காதீர்கள். அது இறக்கத்தில் பிரேக்குக்கு விட்டுவைக்கும் இடம். கட்டி முடித்ததும் லொறி நிறுக்கும் தராசில் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுங்கள். தாளில் எழுதியதைவிட 60, 70 கிலோ கூடத்தான் வரும். பசை, திருகாணி, பிணைச்சல் என்று யாரும் எழுதாத பாரம் அது.

சட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பதிவில் உள்ள உடலமைப்பை மாற்றுவதாக இருந்தால் தகரத்தை வெட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். வண்டி ஓடும்போது பெட்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது.

இனி ஈரம். இரண்டு பேர் எட்டு மணி நேரம் மூடிய பெட்டிக்குள் தூங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் அரை லீட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கும். காஸ் அடுப்பும் தண்ணீர் விடும்: 100 கிராம் காஸ் எரிந்தால் ஏறத்தாழ 160 கிராம் நீராவி. உள்ளே 16 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 12 அல்லது 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். நுவரெலியாவின் தை மாத இரவில் வெளித்தகரம் அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருக்கும். விடியற்காலையில் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். கூரையின் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) ஓடும் கோட்டில் மட்டும் முத்து முத்தாகத் துளிகள் வரிசை கட்டி நிற்கும், நடுவில் உள்ள பலகை காய்ந்திருக்கும். இரும்பு வெளிக்குளிரை நேரே உள்ளே கடத்துகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பரிகாரம் அந்த இரும்பை மூடுவது. வெளியே 4 மி.மீ. அலுமினியக் கிளாடிங் ஷீட் போடலாம், சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோதான். அதற்குள் சட்டம், சட்டங்களுக்கு நடுவில் 25 மி.மீ. நுரைப்பலகை. அதன் மேல் சட்டத்தையும் சேர்த்து மறைக்க இன்னொரு 10 மி.மீ. நுரை, கடைசியாக மெல்லிய பிளைவுட். பலர் அந்த 10 மி.மீ.ஐ மிச்சம் பிடிக்கிறார்கள், அதில்தான் முழு வேலையும் கெடுகிறது. கடைச்சாமான் அட்டைப்பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் வேண்டாம். மணிமணியாக இருக்கும் அதன் இடுக்குகளில் தண்ணீர் ஏறும். நெருக்கமான, நீலமோ இளஞ்சிவப்போ நிறத்தில் வரும் நுரைப்பலகையைத் தேடி வாங்குங்கள்.

எவ்வளவு மூடினாலும் காற்றுவழி வேண்டும். கீழே ஒன்று, கூரையோரம் எதிர்ப்பக்கத்தில் ஒன்று, ஒவ்வொன்றும் குறைந்தது 10க்கு 10 செ.மீ. குளிர் என்று அவற்றைத் துணியால் அடைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குளிருக்குக் கம்பளி இருக்கிறது. கரிச்சட்டியையோ காஸ் அடுப்பையோ குளிர் காய உள்ளே எரிய விட்டுத் தூங்கவே கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துக் கறுப்பதும் இதே ஈரத்தால்தான். முழுப் பலகை மேல் மெத்தையைப் போடாமல், 4 செ.மீ. இடைவிட்டுச் சட்டங்கள் அடித்து, மேலே தும்புப் பாயை விரித்து, அதன் மேல் மெத்தை போடுங்கள். காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் போதும்.

காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டருக்கு உள்ளறையோடு தொடர்பில்லாத தனிப்பெட்டி, அதன் அடித்தட்டில் 5 செ.மீ. ஓட்டை, மூட்டுகளில் மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனை. குளிர்ந்த காலையில் சுவாலை சோர்ந்து எரிவது, சிலிண்டருக்குள் இருக்கும் பியூட்டேன் குளிரில் சரியாக ஆவியாகாததால். நெருப்புக் காட்டிச் சூடேற்றாதீர்கள். வெயில் ஏறும்வரை சுவாலையைச் சின்னதாக வைத்துச் சமைக்கலாம். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். பிரஷர் குக்கர் அவசியம்.

மின்சாரத்துக்குக் கூரை நிறையச் சோலார் அடுக்க வேண்டாம். 100 வாட் தட்டு நல்ல வெயிலில் 350 முதல் 400 வாட்-மணி தரும். மூட்டத்தில் 50 முதல் 100தான். விளக்கு, போன், சின்ன விசிறி, ஒரு லெப்டொப் என்றால் நாளுக்கு 200 போதும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். என்ஜின் ஓடும்போது 20 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 250ஐ நிரப்பிவிடும். மலையில் நம்பவேண்டியது அதைத்தான். இரவு இவ்வளவு குளிரும் ஊரில் ஃபிரிட்ஜ் எதற்கு என்றும் யோசியுங்கள்.

பெட்டியைத் தொட்டி ஓரத்துக் கொக்கிகளில் கட்டினால் ரம்பொடை வளைவுகளில் அந்தத் தகரம் கிழியும். நான்கு மூலையிலும் சசியிலிருந்து இழுத்துப் பூட்டுங்கள், அடியில் 8 மி.மீ. ரப்பர் விரிப்பு போடுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் பூட்டுகள் தளரும், நிறுத்தி முறுக்குங்கள். ஏ5 வீதியில் நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது, ஏறிவந்த கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக் வாடை வந்தால் ஓரம்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியது சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

எப்போது, எங்கே? மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், மஸ்கெலியா பக்கம் மழை. அப்போது ஊவாப் பக்கம் வெளித்திருக்கும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நம்ப முடியாது. கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. வெட்டிய மண்மேட்டின் அடியில் இரவு வண்டியை நிறுத்தாதீர்கள். தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் பீலித் தண்ணீர், இதில் எதைக் கண்டாலும் அந்த நேரமே இடம் மாறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழையைத் தாண்டினாலே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முதல் மண்சரிவு எச்சரிக்கை தரும். அந்த அறிவிப்பைப் படுக்கப் போகும் முன் போனில் பார்த்துவிடுங்கள்.

தோட்டத்துக்குள் தங்கக் காரியாலயத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒரு மூலை காட்டுவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கானில் (வடிகாலில்) ஊற்ற வேண்டாம். கீழே அதே தண்ணீரில் ஒரு லயமே குளிக்கும். 20 லீட்டர் கேனில் பிடித்து வைத்து, மறுநாள் முறையான கழிவுக் குழி உள்ள இடத்தில் கொட்டுங்கள்.