பீல் வீட்டு முகங்கள்

அக்டோபர் 3

ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்துக்குச் சட்டமே இல்லை. அதற்குப் பதில் நிஜமான கதவு நிலை. நிலைக்குள் படிக்கட்டு, படிக்கட்டில் இரண்டு பையன்கள். கையில் வர்ணத்தட்டோடு மேலே ஏறுபவன் ரஃபேல், 21 வயது. அவனுக்கு மேலே நின்று தலையை நீட்டி நம்மைப் பார்ப்பவன் தம்பி டிஷன், 15 வயது. படத்தின் கீழ் ஓரத்தில் உண்மையான மரப்படி ஒன்று தரையில் துருத்திக்கொண்டு இருக்கிறது. வரைந்த படி எங்கே தொடங்குகிறது, மரப்படி எங்கே முடிகிறது என்று கண் கொஞ்சம் தடுமாறும்.

வரைந்தவர் அவர்களுடைய அப்பா, அமெரிக்க ஓவியர் சார்லஸ் வில்சன் பீல். ஆண்டு 1795. ஜார்ஜ் வாஷிங்டன் இந்தப் பையன்களை நிஜ ஆட்கள் என்று நினைத்துத் தலைவணங்கிவிட்டுப் போனார் என்று இன்னொரு மகன் ரெம்பிராண்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அது நடந்திருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: ஓர் ஓவியர் தன் பிள்ளைகளை வரைய இரண்டேகால் மீட்டர் உயரக் கித்தானை எடுத்திருக்கிறார். கேட்டு வாங்க ஆள் இல்லாத படம். டிஷன் இதற்குப் பிறகு மூன்றே ஆண்டுகள்தான் இருந்தான். 1798-ல் மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு அதே பெயரை வைத்தார் அப்பா.

அக்டோபர் 4

இந்தக் குடும்பத்தில் ஓவியம் ஒரு சேணத்தில் தொடங்குகிறது.

சார்லஸ் 1741-ல் மேரிலாந்தில் பிறந்தவர். 13 வயதில் அன்னாபொலிஸ் நகரத்தில் குதிரைச் சேணம் தைப்பவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். பிறகு சொந்தக் கடை, அதோடு சொந்தக் கடன். படம் வரைய ஆசை வந்ததும் ஜான் ஹெசீலியஸ் என்ற ஓவியரிடம் போய் ஒரு சேணத்தைக் கொடுத்து, அதற்கு ஈடாக அவர் வரைவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஊர்ப் பெரிய மனிதர்கள் பணம் போட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள். 1767 முதல் 1769 வரை அங்கே ஓவியர் பெஞ்சமின் வெஸ்டிடம் படிப்பு. ஊர் திரும்பியதும் தம்பிகளைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் வரைந்த பெரிய குடும்பப் படம் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. மேசையைச் சுற்றி அம்மா, மனைவி, குழந்தைகள், செவிலித்தாய் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு மூலையில் தம்பி செயிண்ட் ஜார்ஜ் எதையோ வரைந்துகொண்டிருக்க, சார்லஸ் குனிந்து அதைப் பார்க்கிறார். பாடம் நடக்கிறது என்று பார்த்த உடனே தெரிகிறது. 1770-களின் தொடக்கத்தில் வரைய ஆரம்பித்ததை 1809-ல்தான் முடித்தார். அதற்குள் படத்தில் இருப்பவர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள். கடைசியாக நாயைச் சேர்த்தார்.

குலத்தொழில் கல்லாமல் பாகம் படும் என்று நம் பக்கம் சொல்வார்கள். பீல் வீட்டைப் பார்த்தால் எனக்கு அந்தப் பழமொழியில் நம்பிக்கை குறைகிறது. ரெம்பிராண்ட், ரூபென்ஸ், டிஷன், ரஃபேல் என்று பிள்ளைகளுக்கு ஓவிய மேதைகளின் பெயரை வைத்தார் சரி, ஆனால் பெயர் வைத்ததோடு நிறுத்தவில்லை. உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்.

அக்டோபர் 8

1795-ன் இன்னொரு காட்சி. வாஷிங்டன் அப்போது ஜனாதிபதி. ரெம்பிராண்டுக்கு வயது 17. அவனுக்காக உட்கார ஒப்புக்கொள்ளும்படி அப்பா ஜனாதிபதியைக் கேட்டு வாங்கிவிட்டார். அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பையன் பதறாமல் இருக்க, தானும் பக்கத்தில் ஒரு கித்தானை வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டார். ஜனாதிபதியிடம் பேச்சுக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையது. பிறகு சித்தப்பா ஜேம்ஸும், அண்ணன் ரஃபேலும் அதே அறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு முகத்தைச் சுற்றி ஒரே வீட்டின் நான்கு பேர்.

பையன் வரைந்ததில் வாஷிங்டன் வயதானவராக, கன்னம் தொங்கிப்போய், களைத்துத் தெரிகிறார். சின்னப் பையனுக்கு மரியாதைக்காக அழகுபடுத்தத் தெரியவில்லை. கண்ணில் பட்டதை வரைந்திருக்கிறான்.

பிற்காலத்தில் 1824-ல் அதே ரெம்பிராண்ட் கல் வளையத்துக்குள் இருக்கும் கம்பீரமான வாஷிங்டனை வரைந்தார். அமெரிக்க செனட் 1832-ல் அதை 2,000 டாலருக்கு வாங்கியது. அந்த முகத்தை ஏராளமான பிரதிகள் எடுத்து வாழ்நாள் முழுக்க விற்றார். திறமை குறையில்லை. ஆனாலும் அந்த முகம் நாணயத்தில் அச்சடித்தது போல இருக்கிறது. 17 வயதில் பார்த்த மனிதர் அதில் இல்லை.

அக்டோபர் 9

ரெம்பிராண்டைப் பற்றி நேற்று எழுதியது ஒருபக்கமாக இருந்துவிடக் கூடாது. தம்பி ரூபென்ஸை ஜெரேனியம் செடியோடு அவர் 1801-ல் வரைந்த படம், வாஷிங்டன் நகரத்தின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. ரூபென்ஸுக்குப் பார்வை ரொம்ப மோசம். மூக்கில் ஒரு கண்ணாடி, கையில் இன்னொரு கண்ணாடி. மூக்குக் கண்ணாடியின் வில்லை வழியாக வந்த வெளிச்சம் கண்ணுக்குக் கீழே சின்னச் சின்னப் பொட்டாக விழுந்திருப்பதையும் விடாமல் வரைந்திருக்கிறார். தம்பியின் விரல்கள் தொட்டி மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. கண் தெரியாதவன் எப்படிச் செடி வளர்ப்பான் என்று கூடவே வளர்ந்த அண்ணனுக்குத்தான் தெரியும்.

அமெரிக்க உருவப்படங்களில் எதைப் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

அக்டோபர் 14

நான் இத்தனை நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. டெட்ராய்ட் கலைக் கழகத்தில் இருக்கும் விளக்கொளி உருவப்படம், 1822. வரைந்தபோது சார்லஸுக்கு 81 வயது. படத்தில் இருப்பவர் தம்பி ஜேம்ஸ். மேசை விளக்கின் வெளிச்சத்தில் ஒரு நுண்ணோவியத்தைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கைக்குள் இருக்கும் படத்தை வரைந்தவர் ஜேம்ஸின் மகள் அன்னா கிளேபூல் பீல். அதில் இருக்கும் முகம் ரெம்பிராண்டின் மகள் ரோசல்பாவுடையது. அண்ணன் தம்பியை வரைகிறார். தம்பி தன் மகள் வரைந்ததைப் பார்க்கிறார். மகள் வரைந்ததோ அண்ணனின் பேத்தியை.

இதற்குப் பின்னால் ஒரு தொழில் ஏற்பாடும் உண்டு. 1786-ல் சார்லஸ் நுண்ணோவிய வேலையைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தார். யானைத்தந்தத்தின் மெல்லிய தகட்டில் நீர்வர்ணத்தால் புள்ளி புள்ளியாக வைத்து முகம் எழுப்பும் வேலை அது. உள்ளங்கைக்குள் அடங்கும். லாக்கெட்டாகக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். சில சமயம் பின்பக்கம் அந்த ஆளின் முடியையும் பின்னிவைப்பார்கள். இதைச் செய்து செய்து ஜேம்ஸின் கண் மங்கியது. தந்தத் தகடும் தூரிகையும் அன்னா கைக்குப் போயின. விளக்குக்கு அருகில் ஜேம்ஸ் அந்தப் படத்தை எவ்வளவு கிட்டப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள்.

அக்டோபர் 15

ஜேம்ஸின் பெண்களைப் பற்றி ஒரு நாளில் எழுத முடியாது, குறிப்பாவது போட்டுவைக்கிறேன். அன்னா நுண்ணோவியம். மார்கரெட்டா ஆஞ்சலிகா பழங்கள். கடைக்குட்டி சாரா மிரியம், 1800-ல் பிறந்தவர், முழு அளவு உருவப்படம். அன்னாவும் சாராவும் 1824-ல் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தின் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண்கள் அவர்கள்தான்.

சாரா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால்டிமோரில் ஆண்டுக்கணக்காக முகம் வரைந்தே சம்பாதித்தார். 1847-ல் செயிண்ட் லூயிக்குப் போய் அங்கே முப்பது ஆண்டுகள். வாஷிங்டன் நகரத்து அரசியல்வாதிகள் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் தூரிகையை நம்பித் தனியாக வாழ்ந்திருக்கிறார் என்பது எனக்கு அவருடைய பெரியப்பாவின் புகழைவிடப் பெரிய செய்தி.

அக்டோபர் 21

எழுதத் தயங்கிய பகுதி.

அதே வீட்டில் மோசஸ் வில்லியம்ஸ் என்றொருவரும் வளர்ந்தார். அடிமையாகப் பிறந்தவர். பீல் பிள்ளைகளோடு ஏறக்குறைய ஒரே வயது. தாய் தந்தையைச் சார்லஸ் 1786-ல் விடுவித்தார். மோசஸ் மட்டும் இருபதுகளின் பிற்பகுதிவரை அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. மகன்களுக்கு எண்ணெய் வர்ணம் கற்றுக்கொடுத்தவர், மோசஸிடம் கொடுத்தது கத்தரிக்கோல்.

சார்லஸ் 1786 முதலே ஓர் அருங்காட்சியகம் நடத்திவந்தார். பக்கவாட்டு முகத்தின் கோட்டைத் தாளில் பதியும் கருவி ஒன்று 1800-களின் தொடக்கத்தில் அங்கே வந்தது. வெள்ளைத் தாளில் பதிந்த கோட்டை ஒட்டி நடுப்பகுதியை வெட்டி எடுத்து, கறுப்புத் தாளின் மேல் வைத்தால் நிழலுரு தயார். மோசஸ் ஒன்றுக்கு எட்டு சென்ட் வாங்கினார். முதல் ஆண்டிலேயே எட்டாயிரத்துக்கும் மேல் வெட்டினார். அதில் சேர்த்த பணத்தில் வீடு வாங்கினார்.

யோசித்துப் பார்த்தால், ஃபிலடெல்ஃபியாவில் ஆயிலில் படம் வரைந்துகொள்ள வசதியில்லாத ஜனங்களின் முகங்களைக் காப்பாற்றி வைத்தவர் இவர்தான். அவருடைய முகம்? ஃபிலடெல்ஃபியா நூலகக் கழகத்தில் ஒரே ஒரு நிழலுரு இருக்கிறது. ரஃபேல் செய்தது என்று நெடுங்காலம் சொன்னார்கள். மோசஸே தன்னை வெட்டிக்கொண்டது என்று பிற்கால ஆய்வாளர்களில் சிலர் வாதிடுகிறார்கள். நான் அவர்கள் பக்கம். எப்படி இருந்தாலும், நாய்க்குக்கூட வர்ணத்தில் இடம் கிடைத்த குடும்பத்தில் இவருக்குக் கிடைத்தது கறுப்புத் தாள். இதைச் சொல்லாமல் பீல் குடும்பத்தின் தாராளத்தைப் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்டோபர் 22

ரஃபேல். படியில் ஏறிய அந்தப் பையன். முகங்களைவிடப் பழமும் பாத்திரமும்தான் அவர் கைக்கு வந்தன. அவற்றில் அவரை மிஞ்ச அன்று அமெரிக்காவில் ஆள் இல்லை. அப்பாவோ, முகம் வரை, அதில்தான் பிழைப்பு என்று கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1825-ல், அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். கற்றுக்கொடுப்பவர் எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது சார்லஸுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 28

கண்ணாடிக்கார ரூபென்ஸ் என்ன ஆனார்? பார்வை காரணமாக ஓவியத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தின் அருங்காட்சியகங்களை நடத்தினார். முதுமையில் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் குடியிருந்தார். அவர் மகள் மேரி ஜேன், பெரியப்பா ரெம்பிராண்டிடமும் ஓவியர் தாமஸ் சல்லியிடமும் படித்து உருவப்பட ஓவியரானவர். 1855-ல், 71 வயதில், ரூபென்ஸ் தூரிகை எடுத்தார். சொல்லிக்கொடுத்தவர் மகள். 1865-ல் இறக்கும்வரை ஏராளமாக வரைந்தார். அவற்றில் சில வீட்டாரின் பழைய படங்களைப் பார்த்துப் போட்டவை.

தாத்தா தம்பிக்கும் மகன்களுக்கும் கொடுத்தது பேத்தி வழியாகத் திரும்பி, அப்பாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மேரி ஜேன் 1902 வரை இருந்தார். ரெம்பிராண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இவருக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. இவருடைய உருவப்படங்கள் எந்தெந்தக் கூடங்களில் இருக்கின்றன என்று இனி ஒவ்வொன்றாகத் தேடப் போகிறேன்.