சீனி மாத்திரையும் வயிற்றுப் பிள்ளையும்: பெயர் எழுதாத உறையால் பட்ட பாடு

அண்ணிக்குக் கல்யாணத்துக்கு முன்பே சீனி வருத்தம் (நீரிழிவு). பிள்ளை தங்கியதும் மருத்துவமாதுவிடம் பதிந்து கர்ப்பிணி அட்டை எடுத்தது வரை ஒரு தடங்கலும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்கில்தான் மாட்டிக்கொண்டோம். என்னென்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்டார்கள். கையில் இருந்தவை தோட்டத்து மருந்துசாலையில் தந்த காகித உறைகள். "காலை 1, இரவு 1" என்பதைத் தவிர ஒன்றிலும் எழுத்து இல்லை. உள்ளே எல்லாமே வெள்ளை மாத்திரை. பெயரை எழுதி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்துப் போன பயணம் வீண். அண்ணனுக்கு அன்றைய பேரும் (நாட்கூலி) போயிற்று.

அலைக்கழித்த விதம் இன்னும் எரிச்சல்தான். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பெயர் வந்த பிறகு பார்த்தால் ஓர் உறையில் மெட்ஃபோமின், ஒன்றில் கிளிபென்கிளமைட், இன்னொன்றில் பிரஷருக்கு எனலாப்ரில். எனலாப்ரில் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடனே நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். கிளிபென்கிளமைட் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போய் அங்கேயும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். பிறந்ததும் பிள்ளைக்குச் சீனி இறங்கிவிடும். அதையும் நிறுத்தினார்கள். ஆகவே பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே உறையின் மேல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மெட்ஃபோமினும் நச்சுக்கொடியைத் தாண்டும். ஆனாலும் அங்கக்குறை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 751 கர்ப்பகாலச் சீனித் தாய்மாரை வைத்துச் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், பிறப்பு நேரச் சிக்கல்கள் இன்சுலின் போட்டவர்களை விடக் கூடவில்லை. பிறகு அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது ஒக்லாந்தில் 9 வயதில் சற்றுப் பருமனாக இருந்தார்கள். அடிலெய்டில் 7 வயதில் வித்தியாசம் இல்லை. அண்ணியைப் போல ஏற்கெனவே சீனி உள்ளவர்களிடம் 2020இல் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: இன்சுலினோடு மெட்ஃபோமினும் எடுத்தவர்களுக்கு எடை குறைந்த பிள்ளைகள் 100க்கு 13, எடுக்காதவர்களுக்கு 7. அதனால் மெட்ஃபோமின் குடிப்பவர்கள் வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனைத் தவற விடவே கூடாது.

நிறுத்திய மாத்திரைக்குப் பதில் இன்சுலின் என்றதும் லயத்தில் ஆளுக்கொரு பேச்சு: ஊசி பிள்ளைக்கு ஆகாதாம். இன்சுலின் பிள்ளையிடம் போவதே இல்லை. போவது தாயின் இரத்தத்தில் ஏறிய சீனி. முதல் வாரங்களில் சீனி கூடிக் கிடந்தால் இருதயத்திலும் முதுகுத்தண்டிலும் குறை வரலாம். பயந்து மருந்தை விடுவதுதான் ஆபத்து. இரத்தச் சீனி வெறும் வயிற்றில் 95க்குக் (mg/dL) கீழே, சாப்பிட்டு 2 மணித்தியாலத்தில் 120க்குக் கீழே இருக்க வேண்டும். ரொட்டியைக் குறைத்து, தேத்தண்ணியில் சீனி போடுவதை நிறுத்தினாலே சாப்பாட்டுக்குப் பிந்திய அளவு நன்றாக இறங்கும்.

பிரிட்ஜ் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். திறந்த குப்பி, அடுப்பும் வெயிலும் படாத மூலையில் நான்கு வாரம் இருக்கும். மலைக்குளிர் இதற்கு உதவி. திறக்காததை மருத்துவமாதுவிடம் கேட்டு கிளினிக் பிரிட்ஜில் வைக்கலாம், ஐஸ் தட்டில் மட்டும் வேண்டாம்; உறைந்தால் வீண். கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் உருட்டிக் கலந்த பிறகே உறிஞ்ச வேண்டும்.

மிகவும் மனம் நொந்தது பிரசவத்துக்குப் பிறகு. வார்டுக்கு மாற்றிய துண்டில் தாய்க்குச் சீனி என்றோ இன்சுலின் என்றோ ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைக்குச் சீனி பார்க்காமலே நேரம் போனது. தாயிடமிருந்து சீனி வந்தவரை பிள்ளையின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பழகியிருக்கும். கொடி அறுந்ததும் சீனி நிற்கும், இன்சுலின் நிற்காது. அட்டையைத் திறந்து காட்டிய பிறகுதான் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள்: 38. 47க்கு மேல் ஏற்ற வேண்டும் என்று அங்கிருந்த தாதி சொல்லி, உடனே பாலூட்ட வைத்து, நெஞ்சோடு அணைத்துப் போர்த்திவிட்டார். குளிர் பட்டால் சீனி இன்னும் இறங்கும். அடுத்த முறை 56. அந்த எண்ணைக் கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பிரசவத்துக்குப் போகும்போது அட்டையின் முன்பக்கத்திலேயே பெரிதாக எழுதுவித்துக்கொள்ளுங்கள்: மருந்து, அளவு, கடைசியாக எடுத்த நேரம். முதல் மணித்தியாலத்துக்குள் பால், பிறகு 2, 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. பிள்ளை நடுங்கினாலோ, துவண்டு உறிஞ்சாமல் கிடந்தாலோ விடிய மட்டும் காத்திருக்காமல் தாதியை எழுப்புங்கள். பால் கொடுக்கும்போதும் இன்சுலினும் மெட்ஃபோமினும் தொடரலாம். ஆனால் பிரசவத்தில் நச்சுக்கொடி விழுந்ததும் தாய்க்கு இன்சுலின் தேவை சட்டென்று குறையும், பழைய அளவையே போட்டுவிடாமல் புதிய அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.