அப்பாவுக்கு மூளையில் லிம்போமா: முதுகுத் தண்டு நீரில் தெரியவந்தது எப்படி

அப்பாவுக்கு முதன்முறை முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தபோது, 'புற்றணுக்கள் இல்லை' என்று அறிக்கை வந்தது. சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்த நீரில்தான் லிம்போமா, அதாவது ஒருவகை வெள்ளை அணுக்களில் உருவாகும் புற்றுநோய், என்று உறுதியானது. முதல் தடவையும் நோய் இருக்கத்தான் செய்தது. நீர் எடுத்த நேரமும் அளவும் அதில் செய்த பரிசோதனையும்தான் வேறு. இதே நிலையில் இருக்கிற குடும்பங்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது, எதிலும் ஒழுங்கு பார்க்கிறவர். டபராவில் காபி ஆற்றினால் ஒரு சொட்டு கீழே விழாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் டம்ளருக்கு இடதுபக்கமாக, வெறும் மேடையில் காபியை ஊற்றிக்கொண்டே நின்றார். சிந்துவது அவருக்குத் தெரியவே இல்லை. பேச்சு அதற்கு முன்பே குறைந்துபோயிருந்தது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரிட்டயரான பிறகு வருகிற மனச்சோர்வு என்று பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். காபி சிந்திய அன்றுதான் தம்பி சொன்னான்: "அக்கா, இது மனசு சம்பந்தப்பட்டது இல்ல. தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்."

எம்.ஆர்.ஐ.யில் மூளையின் வலதுபக்கம், உள்ளே ஆழத்தில், நீர் நிறைந்திருக்கும் அறையின் சுவரை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. லிம்போமாவாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நம் ஊரில் காசநோயை ஒதுக்கிவிட்டு எந்த டாக்டரும் மேலே போக மாட்டார். சேர்த்த மருத்துவமனையில் அன்றைக்கே வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தொடங்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் முதுகில் நீர் எடுத்தார்கள், அதுவும் கொஞ்சம்தான். புரதம் கூடுதல், காசநோய்க் கிருமி இல்லை, நீரில் இருக்கும் அணுக்களைப் பார்க்கும் சைட்டாலஜியில் புற்றணு இல்லை.

அப்பாவோ எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார், காபி ஆற்றினார், கிரிக்கெட் பற்றிப் பேசினார். அம்மா செம்பூர் முருகன் கோயிலில் பாலபிஷேகமே செய்துவிட்டு வந்தார்.

தம்பியின் பிடிவாதத்தால் பரேலில் இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். ஸ்டீராய்டு போட்டதும் மளமளவென்று சரியானதாகச் சந்தோஷமாகச் சொன்னோம். அவர் முகம் மாறியது. அப்படிச் சரியானதுதான் அவருக்குச் சந்தேகம். லிம்போமா அணுக்களை ஸ்டீராய்டே அழித்துவிடும். கட்டி சுருங்கும், சில நேரம் ஸ்கேனில் மறைந்தே போகும். அந்த நேரத்தில் பயாப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) செய்தாலும் நீர் எடுத்தாலும் ஒன்றும் அகப்படாமல் போகலாம். ஆனால் நோய் போயிருக்காது, திரும்ப வரும். உயிருக்கு ஆபத்தான வீக்கம் இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டும், அதில் குற்றம் இல்லை என்றும் சொன்னார். பழைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு அப்படிப்பட்ட வீக்கம் இல்லை, நீர் எடுக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்றார். முதல் இடத்தில் யாரும் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவருடைய மேற்பார்வையில் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தோம். இதை யாரும் தாங்களாகச் செய்துவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

அப்புறம் காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. அப்பா மறுபடி மோசமாவார் என்று தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடது கால் செருப்பு தரையில் தேய ஆரம்பித்தது. ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. பயாப்சிதான் உறுதியான வழி என்று அறுவை சிகிச்சை நிபுணர் தேதியும் கொடுத்துவிட்டார். ஆனால் கட்டி ஆழத்தில் இருப்பதால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. கட்டி நீரறையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அணுக்கள் நீரில் உதிர்ந்திருக்க வாய்ப்பு உண்டு, அதே நீர்தான் முதுகுத் தண்டிலும் இருக்கிறது, பயாப்சிக்கு முன் ஒருமுறை நீரைச் சரியாகப் பரிசோதித்துவிடுவோம் என்றார் பரேல் டாக்டர். மூளை ஒருபக்கம் தள்ளப்பட்டிருந்தால் முதுகில் நீர் எடுப்பதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால் ஸ்கேனை மறுபடி பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

அப்பா ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, இறாலைப்போல் சுருண்டுகொண்டார். மலையாள நர்ஸ் ஒருவர் கழுத்தையும் காலையும் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க அப்பா, இப்ப முடிஞ்சுடும்" என்று தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நடுவில். அதனால் ஊசி தண்டுவடத்தில் குத்திவிடும் என்ற பயம் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி எரிந்தது, பிறகு ஓர் அழுத்தம் மட்டும்தான் என்றார் அப்பா. நீர் தெளிவாக, தண்ணீர் மாதிரியே, சொட்டுச் சொட்டாகக் குழாய்களில் விழுந்தது. இந்த முறை 10 மில்லி எடுத்தார்கள். அவ்வளவா என்று பதறினேன். உடம்பில் எப்போதும் 150 மில்லி அளவுக்கு இருக்கும், ஒரு நாளில் ஏறக்குறைய 500 மில்லி புதிதாக ஊறும் என்று சொன்ன பிறகுதான் மனசு ஆறியது.

வாரநாளில், காலையிலேயே எடுத்ததற்கும் காரணம் உண்டு. வெளியே வந்த நீரில் அணுக்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சிதையத் தொடங்கிவிடும். சனிக்கிழமை மதியம் எடுத்து, திங்கட்கிழமை லேப் திறக்கும்வரை வைத்திருந்தால் கதை முடிந்தது. தம்பி குழாய்களை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் நேராக லேபுக்கு ஓடினான். முன்பே போன் செய்து சொல்லி வைத்திருந்ததால் கையோடு வாங்கிக்கொண்டார்கள்.

சைட்டாலஜி என்பது அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பது. மூளை லிம்போமாவில் அது பெரும்பாலும் கோட்டைவிட்டுவிடும். இந்த முறை அதோடு ஃப்ளோ சைட்டோமெட்ரியும் செய்தார்கள். அணுக்களின் மேல் இருக்கும் அடையாளங்களில் ஒளிரும் பொருளை ஒட்டவைத்து, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணுவார்கள். வெள்ளை அணுக்களில் ஒரு வகை பி அணுக்கள். சாதாரண பி அணுக்களில் சில கப்பா வகை, சில லாம்ப்டா வகை எனக் கலந்திருக்கும். ஒரே அணுவிலிருந்து பெருகிய புற்றணுக்களில் எல்லாமே ஒரே வகையாக இருக்கும். அப்பாவின் நீரில் அணுக்கள் கொஞ்சம்தான் இருந்தன. ஆனால் இருந்த பி அணுக்கள் அனைத்தும் லாம்ப்டா. மிச்ச நீரில் எம்.ஒய்.டி.88 என்ற மரபணு மாற்றத்தையும் தேடினார்கள். மூளை லிம்போமா உள்ளவர்களில் பலரிடம் இருக்கும் மாற்றம் அது. அப்பாவிடமும் இருந்தது. ஸ்கேனையும் இவற்றையும் சேர்த்துப் பார்த்து, பயாப்சி வேண்டாம் என்று டாக்டர்கள் கூடி முடிவு செய்தார்கள். நீரில் ஒன்றும் வராமல் போயிருந்தால் பயாப்சிக்குத்தான் போயிருப்போம். நீர் சுத்தமாக வந்ததென்று நோய் இல்லை என்று யாரும் விட்டுவிடக் கூடாது.

மறுநாள் உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் இல்லை. நீர் எடுத்த பிறகு சிலருக்கு இப்படி வரும். நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், காபியும் குடிக்கலாம் என்றார்கள். அப்பாவுக்கு அதைவிட நல்ல மருந்து வேறென்ன வேண்டும்? சில நாளில் தானாகவே போய்விட்டது.

சிகிச்சைக்கு முன் கண்ணை ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்த்தார்கள், ஏனென்றால் இந்த லிம்போமா கண்ணுக்குள்ளும் இருக்கலாம். உடம்பில் வேறெங்கும் இல்லை என்று உறுதி செய்ய பெட் ஸ்கேன், விரைப்பை அல்ட்ராசவுண்ட், எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் முடித்து, அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தைத் தொடங்கினார்கள். இப்போது அப்பா அந்தச் சிகிச்சையில்தான் இருக்கிறார்.

நீர் எடுக்கப் போகிறவர்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: ஸ்டீராய்டு தொடங்கிவிட்டதா, எத்தனை மில்லி எடுப்பீர்கள், ஃப்ளோ சைட்டோமெட்ரி உண்டா, எந்த லேபுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும்? க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறிக்கைகளோடு ஸ்டீராய்டுக்கு முன்னால் எடுத்த முதல் ஸ்கேனின் சிடியையும் பத்திரமாக வைத்திருங்கள். எங்களிடம் எல்லா டாக்டர்களும் முதலில் கேட்டது அந்த சிடியைத்தான்.