போர்டை முதலில் பாருங்கள், ப்ராசஸர் அப்புறம்

தம்பிக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவது என்று முடிவானதும் அவன் முதலில் கேட்டது, "எந்த ப்ராசஸர்க்கா போடப் போறோம்?" என்றுதான். எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான் மதர்போர்டிலிருந்து ஆரம்பித்தேன். கையில் காசு குறைவு, இருப்பது வேலூர் என்றால் அதுதான் சரியான வரிசை என்று உறுதியாக நம்புகிறேன்.

காரணம் வெயில். எங்கள் வீடு சத்துவாச்சாரியில். தம்பியின் அறை மொட்டை மாடியில் தனியாக எடுத்த ஒற்றை அறை. கத்திரி நாட்களில் மதியம் மூன்று மணிக்கு அங்கே சுவரில் கை வைக்க முடியாது. யூடியூபில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து டிகிரி அறையில் செய்தவை. அறையின் சூடு 15 டிகிரி ஏறினால், அதே கூலர், அதே வேலைக்கு, உள்ளே இருக்கும் பாகங்களின் சூடும் ஏறக்குறைய அதே 15 டிகிரி ஏறும். அங்கே 70 காட்டுவது இங்கே 85.

ப்ராசஸரைப் பற்றி இதில் பெரிய பயம் வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 5 5600க்கு 90 டிகிரி வரம்பு, இன்டெலின் கோர் ஐ5 12400எஃப்க்கு 100. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் கவலைப்படுவது அதன் பக்கத்தில் இருக்கும் விஆர்எம் பற்றி. பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்குத் தேவையான ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கித் தருகிற பகுதி அது. அந்த வேலையிலேயே அது சூடாகும். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் அதன் மேல் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் கிடையாது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் இடப்பக்கம் கறுப்புச் சதுரங்கள் மொட்டையாகத் தெரியும். அவை அளவுக்கு மீறிச் சூடானால் போர்டு ப்ராசஸரின் வேகத்தை இறக்கிவிடும். ப்ராசஸரின் சூடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்டம் நடுவில் திக்கும். காரணம் தெரியாமல் கிராபிக்ஸ் கார்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் திறந்து தூசி தட்டிப் பழகிய கை. அங்கே ஜன்னலோரம் வைத்த மெஷின்கள்தான் எப்போதும் முதலில் படுக்கும். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதம்.

ப்ராசஸர், போர்டு இரண்டுக்கும் சேர்த்து 20,000 ரூபாய் என்று ஒதுக்கினோம். ராம் ஏற்கெனவே இருந்தது: காட்பாடியில் வெளியே வீடு எடுத்துத் தங்கிப் படித்த ஒரு வி.ஐ.டி. மாணவர் ஊருக்குக் கிளம்பும்போது விற்ற இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 குச்சிகள். தேர்வை இதுவே பாதி முடித்துவிட்டது. தம்பிக்கு ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 மேல்தான் ஆசை. "நாளைக்கு ப்ராசஸர் மட்டும் மாத்திக்கலாம்க்கா" என்றான். அவன் சொன்னது நியாயம். 2022ல் வந்த அந்த சாக்கெட்டுக்குப் புதிய ப்ராசஸர்கள் தொடர்ந்து வருகின்றன. ஆனால் ஏஎம்5 அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் கையில் இருப்பதை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக வாங்க எனக்கு மனமில்லை. எல்லாமே புதிதாக வாங்குபவர், இன்னும் ஏழெட்டாயிரம் போட முடியும் என்றால், தம்பி சொன்ன வழியில் போகலாம். ரைசன் 5 7600 அருமையான ப்ராசஸர்.

ஆக, மிஞ்சியவை இரண்டு. ஐ5 12400எஃப், ரைசன் 5 5600. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். கேம்களில் ஒன்றுக்கொன்று பெரிதாக விட்டுக்கொடுக்காது. 12400எஃப் அடிப்படை 65 வாட் என்றாலும் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கலாம். அதற்கு எங்கள் கணக்கில் அடங்கியது எச்610 போர்டுதான். கடையில் காட்டியவற்றில் ராமுக்கு இரண்டே இடம், விஆர்எம் மொட்டை. ஹீட்சிங்க் உள்ள பி660 போட்டால் கணக்கு தாண்டியது. அந்தப் பக்கம், 5600 உடன் பி550 போர்டு அடங்கியது: விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க், ராமுக்கு நான்கு இடம். கிராபிக்ஸ் கார்டுக்கும் முதல் எஸ்எஸ்டிக்கும் பிசிஐஇ 4, அதாவது அவை போர்டோடு பேசும் பாதையில் பழைய 3ஐ விட வேகமானது. இங்கேதான் முடிவெடுத்தேன். ப்ராசஸர்கள் சமம் என்றால் நல்ல போர்டு எந்தப் பக்கமோ நாமும் அந்தப் பக்கம்.

கடைக்காரர் "5600ஜி எடுத்துக்கங்கம்மா, டிஸ்ப்ளே உள்ளேயே வருது" என்றார். கிராபிக்ஸ் கார்டை ஆறு மாதம் கழித்து வாங்குவதாக இருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் பெயரில் ஒரு எழுத்து கூடுவதோடு நிற்பதில்லை. 5600ல் 32 எம்பி எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். 5600ஜியில் 16 எம்பிதான். கேம்களுக்கு அந்தக் கேஷ் மிகவும் முக்கியம். அதோடு 5600ஜி, இன்னும் விலை குறைந்த ரைசன் 5 5500 இரண்டுமே பிசிஐஇ 3தான், போர்டு பி550 ஆனாலும். பட்ஜெட் கார்டு போடுபவருக்கு இது உறைக்கும். ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையில் எட்டு லேன் பயன்படுத்தும் கார்டு. பிசிஐஇ 3ல் கொஞ்சம்தான் இழக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே லேன். அது பிசிஐஇ 3ல் நன்றாகவே அடி வாங்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: 5600ல் டிஸ்ப்ளே வசதி இல்லை. கார்டு சர்வீஸுக்குப் போனால் கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பழைய பி450 போர்டுகள் இன்னும் சில கடைகளில் கிடக்கின்றன. 2018ல் வந்தவை. போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அப்டேட் ஆகாத போர்டில் 5600 போட்டால் திரையில் ஒன்றும் வராது. நாங்கள் எடுத்த போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உண்டு. பென் டிரைவில் ஃபைலைப் போட்டுச் செருகி, ப்ராசஸர் இல்லாமலே அப்டேட் செய்துவிடலாம். பட்ஜெட் போர்டில் இந்தப் பட்டன் இருந்தால் அதற்கு நான் ஐநூறு ரூபாய் கூடுதலாகவே கொடுப்பேன்.

கூலர் விஷயத்தில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 5600 பாக்ஸில் வரும் சின்ன கூலரையே போட்டேன். டவர் கூலர் ப்ராசஸரை இன்னும் குளிர்ச்சியாக வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது காற்றைப் பக்கவாட்டில் தள்ளும். பாக்ஸ் கூலர் காற்றை நேராகப் போர்டின் மேல் அடிக்கிறது. விஆர்எம்முக்கும் ஒரு பங்கு போய்ச் சேருகிறது. டவர் வேண்டுமென்றால் கேபினட்டின் பின்பக்கம் ஒரு ஃபேன் கட்டாயம். ட்ரே ப்ராசஸர் என்று பாக்ஸ் இல்லாமல் விலை குறைத்துத் தருவார்கள். அதில் இந்தக் கூலரும் வராது, கம்பெனியின் மூன்று வருட வாரண்டியும் வராது. வாங்க வேண்டாம்.

ப்ராசஸர், போர்டு இரண்டையும் ஒரே கடையில், ஜிஎஸ்டி பில்லோடு வாங்கி, அங்கேயே பொருத்தி ஆன் செய்து பார்த்தோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு குறைந்திருக்கும். ஆனால் கோளாறு என்றால் காட்பாடியில் ரயில் ஏறிப் போர்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ 1700ல் போர்டின் சாக்கெட்டில். எதுவானாலும் மொபைல் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது கடினம். பின்னால் ஏஎம்4 கூலரைக் கழற்ற நேர்ந்தால், கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் இளகியதும் ஆஃப் செய்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டு எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும்.

வீட்டுக்கு வந்ததும் பயாஸில் இரண்டு வேலை. ராம் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் பல குச்சிகள் முதலில் 2133 அல்லது 2666ல்தான் ஓடும். பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஆன் செய்ய வேண்டும். ரைசனில் இந்த வித்தியாசம் கேமில் நன்றாகத் தெரியும். அடுத்தது, விண்டோஸ் 11ல் வேலோரண்ட் கேம் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும். டிபிஎம் என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம், ரைசனிலேயே இருக்கிறது. பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள்.