கல்லடிக் கடல்மணல் எரிமலை மண்ணான கதை

சாடிக்குள் குட்டையாக வளர்க்கும் பொன்சாய் மரங்களை வளர்க்கத் தொடங்கி நாலு வருசமாகிறது. புளியும் ஆலும் மட்டும்தான். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவு மண் வெறும் மணல். ஊற்றின தண்ணீர் ஊற்றின கையோடு கீழே போய்விடும். படுவான்கரையிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த வயல் களியைக் கலந்தால், வெயில் காலத்தில் சாடிக்குள் சீமெந்து மாதிரி இறுகிப்போகும். கடைசியில் பொன்சாய்க்காரர் எல்லாரும் சொல்கிற அக்கடாமா, கனுமா என்ற மண் இரண்டையும் கொழும்பில் ஒருவரிடம் இரண்டிரண்டு லீற்றர் பைகளாக வாங்கினேன். விலையைக் கேட்ட அம்மா, "மண்ணுக்கா மனே இவ்வளவு காசு?" என்று ஒரே கேள்வியோடு எழும்பிப் போய்விட்டார்.

இரண்டும் யப்பானில் எரிமலை கக்கிய பொருளிலிருந்து உண்டானவை. அக்கடாமா என்றால் சிவப்பு உருண்டை என்று பொருள்; சாம்பல் மக்கி உண்டான செம்மண். கனுமா என்பது தொச்சிகி மாகாணத்து ஊரின் பெயர். 40,000 ஆண்டுகளுக்கும் முன் அக்காகி எரிமலை வீசியெறிந்த நுரைக்கல் அங்கே படிந்து, அப்படியே உக்கி மஞ்சளாகிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட பொருளில் உண்டாகும் மண்ணுக்கு அண்டோசோல் என்று பெயர், அதற்கென்று தனிக் குணங்கள் உண்டு என்று வாசித்திருந்தேன். அவ்வளவு காசு கொடுத்தாயிற்று, அந்தக் குணங்கள் உண்மையிலேயே இருக்கிறதா என்று குசினிச் சாமானை வைத்தே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் எடை. விளிம்பு வரை 90 மில்லிலீற்றர் கொள்ளும் யோகட் கோப்பை ஒன்று, கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு. நன்றாகக் காய்ந்த வளவு மணல் ஒரு கோப்பை 138 கிராம். இடித்த வயல் மண் 108. அக்கடாமா 57. கனுமா வெறும் 33! கையில் எடுத்தால் பொரி அள்ளின மாதிரி இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடியவிட்டுக் காலையில் நிறுத்தேன். கனுமா 74 கிராம் காட்டியது. தன் எடையை விடக் கூடுதலாகத் தண்ணீர் குடித்திருக்கிறது, ஆனால் தொட்டால் சொட்டுக்கூட வழியவில்லை. நிறமும் மாறிவிட்டது: காய்ந்தபோது வெளிறிய கடலைமா நிறம், ஊறினபின் மஞ்சள் கறி நிறம். சாடிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இந்த நிறமே சொல்லிவிடும் போல.

இந்தப் பாரக் குறைவுதான் அண்டோசோலின் முதல் அடையாளம். தோற்ற அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 0.90 கிராமோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். என்னுடைய கனுமா 0.37, அக்கடாமா 0.63. ஆனால் இது கொஞ்சம் கள்ளக் கணக்கு. அந்த எல்லை, நிலத்தில் கிடக்கிறபடியே குலைக்காமல் வெட்டியெடுத்த மண்ணுக்கு. நான் அளந்தது சலித்த உருண்டைகளை. உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெறும் இடமும் சேர்ந்துதான் கணக்கில் வருகிறது.

இவ்வளவு லேசாக இருப்பதற்கும் இவ்வளவு தண்ணீர் பிடிப்பதற்கும் காரணம் ஒன்றே. எரிமலைச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி. பளிங்காக உறைய நேரமில்லாமல் சட்டென்று குளிர்ந்த பாறைக் குழம்பு அது. அதனால் சீக்கிரம் கரைந்து சிதையும். கரைந்த அலுமினியமும் சிலிக்காவும் அவசர அவசரமாகச் சேர்ந்து அலோபேன் என்ற பொருளாகின்றன. ஒவ்வொரு துகளும் உள்ளே ஒன்றுமில்லாத உருண்டை, விட்டம் வெறும் 3.5 முதல் 5 நானோமீற்றர். கூடவே இமோகோலைட் என்ற மெல்லிய குழாய்களும் உண்டு. கியூஷு தீவில் இமோகோ என்று சொல்லும் மண்ணில் 1962இல் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர்.

விரலால் பார்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊறிய கனுமா உருண்டை ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்தினேன். முதலில் கடலைப் பருப்பு மாதிரி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் திடீரென்று உடைந்து, சவர்க்காரம் மாதிரி வழுக்கி, விரலெல்லாம் ஈரம். இவ்வளவு நேரம் அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது? சட்டித் தயிரில் கரண்டி போட்டதும் தண்ணீர் விடுமே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் தயிர் திரும்ப இறுகாது. இது சும்மா விட்டால் கொஞ்சம் இறுகுகிறது. காய வைத்துப் பையில் கட்டி வந்த மண்ணிலேயே இப்படி என்றால் மலையில் பச்சையாகக் கிடப்பது எப்படி இருக்கும்!

அடுத்தது போத்தல் சோதனை, அதில் சொதப்பினேன். மண்ணையும் தண்ணீரையும் ஜாம் போத்தலில் போட்டு, கொஞ்சம் சலவைத்தூள் சேர்த்துக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் படியும், பிறகு வண்டல், களி கடைசியில். வயல் மண் சொன்னபடி கேட்டது. மறுநாளும் மேலே கலங்கல் நின்றது. அக்கடாமாவை உரலில் இடித்துப் போட்டேன். சில நிமிடங்களில் எல்லாம் அடியில் உட்கார்ந்துவிட்டது, மேலே தெளிந்த தண்ணீர். அப்படியென்றால் இது மணல் மண்! விரலுக்கு வழுக்குகிற மண் கண்ணுக்கு எப்படி மணலாகும்?

இரண்டு பிழை. ஒருதரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் இந்த மண்ணின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். திரும்ப நனைத்தாலும் முழுதாகப் பிரியாது. பொன்சாய்க்காரர் விரும்புவதும் இந்தக் கட்டியைத்தான். இரண்டாவது பிழை சலவைத்தூள். நம் ஊர்க் களி காரத்தில் பிரியும். இமோகோலைட் உள்ள எரிமலை மண் அமிலத்தில்தான் பிரியும். சலவைத்தூளைக் கழுவிக் களைந்துவிட்டு, நல்ல தண்ணீரில் சில துளி வினாகிரி விட்டுத் திரும்பக் குலுக்கினேன். இந்தமுறை மாலை வரை இளம் செம்மஞ்சள் கலங்கல் நின்றது.

அப்புறம்தான் பெரிய சோதனை. அக்கா உயர்தர இரசாயனம் படிப்பிக்கிறா. சோடியம் புளோரைட்டுக் கரைசலால் அலோபேனைப் பிடிக்கலாம் என்று சொன்னதும் அவவுக்கும் ஆசை வந்துவிட்டது. இது நஞ்சு, வீட்டுக் குசினியில் செய்கிற வேலையில்லை. ஆய்வுகூடத்தில், கையுறை போட்டு, அவவே செய்தா. லீற்றருக்கு 42 கிராம், அதாவது 1 மோலர். அதற்கு மேல் கரையவும் கரையாது. காரம் பட்டால் சிவக்கும் பினோத்தலினில் தோய்த்துக் காயவைத்த வடிதாளில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்து, மேலே கரைசல் இரண்டு சொட்டு. புளோரைட்டு அலுமினியத்தில் ஒட்டியிருக்கும் ஐதரொட்சிலைத் தள்ளிவிட்டுத் தான் போய் உட்காரும். வெளியே வந்த ஐதரொட்சில் தண்ணீரைக் காரமாக்கும், தாள் சிவக்கும். அளவாகச் செய்வதென்றால் 1 கிராம் மண்ணுக்கு 50 மில்லிலீற்றர் கரைசல். இரண்டு நிமிடத்தில் பீஎச் 9.4ஐத் தாண்டினால் அலோபேனைச் சந்தேகிக்கலாம்.

மாலையில் அக்கா தொலைபேசி எடுத்தா. "தம்பி, நீ வாங்கின மண் ரெண்டும் சரிதான், உடனே சிவந்திட்டு. வயல் மண்ணுக்கு ஒண்டுமில்ல. ஆனா உன்ட வளவு மண்ணும் சிவக்குதே! கல்லடியில எப்ப எரிமலை வெடிச்ச?"

மண் இல்லாத வெறும் தாளில் கரைசல் விட்டும் பார்த்திருக்கிறா, நிறமில்லை. அதனால் தாளிலோ கரைசலிலோ பிழையில்லை. இரவெல்லாம் அதே யோசனை. காலையில் அந்த மணலை வெள்ளைத் தட்டில் பரப்பிக் குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மணிமணியான படிகக்கல்லுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்ப் பொடி, ஒன்றிரண்டில் இன்னும் வரி தெரிகிறது. மட்டி ஓடு! வினாகிரி விட்டதும் சுர்ரென்று நுரைத்தது. மட்டி ஓடு கல்சியம் காபனேற்று. புளோரைட்டோடு சேர்ந்தால் அதுவும் கரைசலைக் காரமாக்கிவிடும். நுரை நிற்கும் வரை வினாகிரியில் ஊறவைத்து, கிணற்றுத் தண்ணீரில் பலதரம் அலசி, காயவைத்துத் திரும்பக் கொடுத்தனுப்பினேன். தாள் வெள்ளையாகவே இருந்ததாம். கனுமாவில் வினாகிரி விட்டால் நுரையே வருவதில்லை, அதையும் பார்த்துவிட்டேன்.

சும்மா கேலியாகக் கேட்டாலும் அக்காவின் கேள்வி இங்கே பலருக்கும் உண்டு. குடும்பிமலையை எரிமலை என்று சின்ன வயதில் நானே சொல்லித் திரிந்திருக்கிறேன். அம்பாறை மகா ஓயா வெந்நீர் ஊற்றைக் காட்டி, அடியில் நெருப்பு இருக்கிறது என்பார்கள். இலங்கையில் எரிமலை இல்லை. கிழக்கில் நம் காலுக்கடியில் இருப்பது விஜயன் தொகுதி என்று சொல்லும் மிகப் பழைய உருமாறிய பாறை. வெந்நீர், பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போன மழைத்தண்ணீர் சூடேறித் திரும்புவது. அலோபேன் அப்படிப் பழைய நிலத்தில் தங்கியிருக்கிற சாமானும் இல்லை. வெப்பத்திலும் காலத்திலும் அது ஹலோசைட், கயோலினைட் என்று சாதாரணக் களியாக மாறிவிடும். அண்டோசோல் என்பது இளம் மண்.

பெயரும் யப்பானியம்தான். அன் என்றால் கருமை, தோ என்றால் மண். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மண் அளக்கப் போன அமெரிக்கர்கள் 1947 வாக்கில் எழுத்தில் கொண்டுவந்தது. யப்பானிய விவசாயிகள் தங்கள் கறுப்பு மேல்மண்ணைக் குரொபொகு என்கிறார்கள். புல்லை எரித்து எரித்துப் பராமரித்த மேய்ச்சல் நிலங்களில் அந்தக் கருமை ஆழமாக இறங்கியிருக்கும். நான் வாங்கியது அந்தக் கறுப்பு மண்ணில்லை, அதற்குக் கீழேயுள்ள படைகள்.

அமெரிக்க வகைப்பாட்டில் 1975இல் இது இன்செப்டிசோல் என்ற வேறொரு மண் வரிசைக்குள் ஓர் உபவரிசையாகக் கிடந்தது. கை சிமித் என்ற மண்ணியலாளர் 1978இல் தனி வரிசை கேட்டார். 1990இல் அண்டிசோல் என்று கிடைத்தது. சர்வதேச வகைப்பாடு அண்டோசோல் என்ற பெயரையே வைத்துக்கொண்டு, அலோபேன் மிகுந்தது, அலுமினியமும் மக்கும் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கிறது. அமெரிக்கருக்கு எட்டு உபவரிசை: ஈரம், குளிர், வறட்சி, கண்ணாடியின் அளவு என்று போகும். கனுமா ஊர்ப் பக்கம் ஆண்டெல்லாம் ஈரம், அதனால் யுடாண்ட். மட்டக்களப்பில் எரிமலை இருந்திருந்தால், மாரியில் வெள்ளமும் மிச்ச மாதங்களில் வெடிப்புமாக இருக்கிற நம் நிலத்துக்கு உஸ்டாண்ட் என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள்.

இதை வாசித்துக்கொண்டு போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நிலத்தின் மேல் 60 சென்ரிமீற்றரில் குறைந்தது 60 சதவீதத் தடிப்புக்கு இந்தக் குணங்கள் இருந்தால்தான் அண்டிசோல். அதாவது வகைப்பாடு, நிலத்தில் வெட்டின குழிக்கு. என் பையில் இருக்கும் மண் எவ்வளவு சிவந்தாலும், எவ்வளவு வழுக்கினாலும், அண்டிசோல் ஆக முடியாது! அக்காவிடம் சொன்னேன். "அப்ப நான் வேலை மினக்கெட்டுக் கரைசல் செஞ்சது?" என்று கேட்டா.

இன்னும் இரண்டு குணம் பாக்கி. ஒட்சலேற்று என்ற இரசாயனக் கரைசலில் கரையும் அலுமினியத்தோடு இரும்பில் பாதியைக் கூட்டினால் 2 சதவீதம் வர வேண்டும் என்பது எனக்கு எட்டாத விசயம். பொசுபேற்றைப் பிடித்துவைக்கும் அளவு 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பதை ஓரளவு பார்க்கலாம். ஆய்வுகூடத்தில் 5 கிராம் மண்ணுக்கு, லீற்றருக்கு 1000 மில்லிகிராம் பொசுபரசு உள்ள கரைசல் 25 மில்லிலீற்றர் விட்டு இரவு முழுக்கக் குலுக்குவார்கள். நான் மச்சானிடம் ஒரு பிடி டீ.எஸ்.பி. என்ற பொசுபேற்று உரம் வாங்கிக் கரைத்து, துணியில் வடித்து, வளவு மணலுக்கும் கனுமாவுக்கும் விட்டிருக்கிறேன். மீன்தொட்டிக் கடையில் பொசுபேற்று பார்க்கிற நீலநிறச் சோதனைப் பெட்டி ஒன்று கிடைத்தது.

புளியங்கன்றின் சாடிக்கு இந்தச் சோதனை முக்கியம். கனுமா சொன்னபடி பொசுபேற்றை இறுக்கிப் பிடிக்கிற மண்ணாக இருந்தால், நான் போடுகிற உரத்தைச் செடிக்கு முன் மண் தின்றுவிடும். இப்போது இரவு பத்து மணி. இரண்டு போத்தலும் மேசையில் நிற்கின்றன, போகிற வருகிற நேரமெல்லாம் ஒருதரம் குலுக்கிவிடுகிறேன். அம்மா மணல் போத்தலை ஏற்கெனவே ஒருதரம் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.