தண்ணீருக்கடியில் போன கேபல் கெலின்

வேல்ஸில், பாலா நகருக்குப் பக்கத்தில் கேபல் கெலின் என்று ஒரு சின்ன கிராமம் இருந்தது. பள்ளிக்கூடம், தபாலாபீஸ், தேவாலயம், சுற்றிலும் பண்ணைகள். பேச்சு, பாட்டு, ஜெபம் எல்லாமே வெல்ஷ் மொழியில்தான்.

இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று அங்கே அணை கட்டத் திட்டம் வந்தது. 1956இல் ஊரே திரண்டு, குழந்தை குட்டிகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனது. அடுத்த வருஷமே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அணைக்கான சட்டம் நிறைவேறிவிட்டது. வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து ஓட்டுப் போடவில்லை!

கல்லறையிலிருந்து சிலரின் உடல்களை மட்டும் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள். மற்றவர்கள் மேல் கான்கிரீட் போட்டு மூடினார்கள். இதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

1965இல் ஊர் முழுகியது. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல். அதற்குள் அந்த ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் கண்ணை மூடியிருப்பார்கள்!