அந்தி சாய்ந்ததும் மேலேறிய கோடு

புவிகாந்த நடுக்கோட்டை ஒட்டியுள்ள, வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அயனிகளும் எலக்ட்ரான்களும் நிறைந்த அயனி மண்டலத்தை ஆராயும் நிலையம் ஒன்றில், ஒரு பிற்பகல் தொடங்கி முன்னிரவு வரை இருந்து பார்க்க அனுமதி கிடைத்தபோது, பெரிய கிண்ண ஆண்டெனாக்களையும் சுழலும் ராடார்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். அங்கே புல்வெளியின் நடுவில் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கம்பம் மட்டுமே நின்றது. அதன் உச்சியிலிருந்து கூடாரக் கயிறுகளைப் போலச் சரிந்து இறங்கிய கம்பிகள், ஒன்றை ஒன்று குறுக்காக வெட்டும் இரண்டு முக்கோணங்களாக அமைந்திருந்தன. செலுத்தும் ஆண்டெனா இவ்வளவுதான். சற்றுத் தள்ளி, முழங்கால் உயரப் புல்லுக்கிடையே நின்றிருந்த சிறிய வளையங்கள் வானிலிருந்து திரும்பி வரும் அலைகளை வாங்குகின்றன.

கருவியின் பெயர் அயனோசோண்டு. குறுகிய வானொலித் துடிப்புகளைச் செங்குத்தாக மேலே அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதே இதன் வேலை. 300 கிலோமீட்டர் உயரத்தில் எதிரொளித்தால் சரியாக 2 மில்லி நொடியில் அலை திரும்பிவிடும். 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 20 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு அதிர்வெண்ணும் எந்த உயரத்திலிருந்து திரும்பியது என்ற வரைபடம் கிடைக்கும், அதுவே அயனோகிராம். துடிப்புகளை அனுப்பி அளக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தவர்கள் பிரைட், டூவே என்ற இரு அமெரிக்கர்கள், ஆண்டு 1925. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1924 டிசம்பரில், இங்கிலாந்தில் ஆப்பிள்டன் வேறொரு முறையில் அயனி மண்டலத்தின் இருப்பை உறுதிப்படுத்தியிருந்தார். 1947இல் நோபல் பரிசு ஆப்பிள்டனுக்குக் கிடைத்தது. இன்றைய நிலையங்களில் ஓடிக்கொண்டிருப்பதோ துடிப்பு முறை என்பதை நினைக்கும்போது, அந்த இருவருக்காக எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

அறைக்குள் பொறியாளர் அம்மையார் ஒருவர் திரையின் முன் அமர்ந்திருந்தார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கருவி தானாக இயங்குகிறது. நான் கையோடு கொண்டுபோயிருந்த சிற்றலை வானொலியை 7 மெகாஹெர்ட்ஸ் அருகே வைத்துக் காத்திருந்தேன். 4 மணி ஆனதும், கருவி அந்த அதிர்வெண்ணைக் கடந்து சென்ற கணத்தில், யாரோ நகத்தால் மேசையைத் தட்டியதைப் போல 'டர்ர்ர்' என்று ஒலித்து அடங்கியது. திரையில் 110 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்குகளில் ஒன்றான ஈ (E) அடுக்கின் கோடும், அதற்கு மேலே எஃப் (F) அடுக்கின் கோடும் எழுந்தன. இடையிடையே உச்சி முதல் அடி வரை நீண்டிருந்த செங்குத்துக் கீற்றுகளைக் காட்டி அவை என்ன அடுக்கு என்று கேட்டேன். "அடுக்கு எதுவும் இல்லைங்க, சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள். நம்முடைய ஏற்பிக்கு எல்லாமே காதில் விழும்," என்று சிரித்தார் அவர்.

எஃப் அடுக்கின் கோடு வலப்பக்கம் போகப் போக மேல்நோக்கி வளைந்து, 10 மெகாஹெர்ட்ஸ் அருகே நெட்டுக்குத்தாக நின்றுவிட்டது. அங்கே அடுக்கு உண்மையிலேயே அவ்வளவு உயரமா என்று கேட்டது என் அறியாமை. எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதிக்குள் புகும்போது துடிப்பின் வேகம் குறைகிறது. தாமதமாகத் திரும்பும் எதிரொலியைக் கருவி உயரம் என்று கணக்கிடுகிறது. எனவே திரையில் தெரிவது தோற்ற உயரமே. மெய்யான உயரத்தைத் தனியாகக் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். கோடு நெட்டுக்குத்தாக நிற்கும் இடம் மாறுநிலை அதிர்வெண். அதைத் தாண்டிய அலைகள் அடுக்கைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடுகின்றன. 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் அந்த அடுக்கின் மிகச் செறிந்த பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 12 லட்சத்து 40 ஆயிரம் எலக்ட்ரான்கள். அருகிலேயே, அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளி, அதே வடிவில் இன்னொரு கோடும் இருந்தது. புவியின் காந்தப்புலம் ஒரே அலையை இரண்டாகப் பிரித்துவிடுவதால் தோன்றும் இரட்டை அது.

நான் அங்கே போனதே அந்திக்காகத்தான். காந்த நடுக்கோட்டில் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகத் தெற்கிலிருந்து வடக்காக ஓடுகின்றன. பகலில் கிழக்கு நோக்கியிருக்கும் மின்புலம், இரவில் மேற்காகத் திரும்புவதற்குச் சற்று முன்பு ஒருமுறை வலுத்து, அந்தக் காந்தப்புலத்தோடு சேர்ந்து எஃப் அடுக்கை மேலே தூக்கிவிடுகிறது. 6 மணிக்கு 250 கிலோமீட்டரில் இருந்த கோட்டின் அடிப்பகுதி, 6.30க்கு 310, 6.45க்கு 360 என்று ஏறி, 7 மணிக்கு 400ஐத் தொட்டது. ஈ அடுக்கு அதற்குள் மங்கி மறைந்திருந்தது. 7.30 மணி அயனோகிராமில், அதுவரை மயிரிழையாக இருந்த எஃப் கோடு, ஈரத்தாளில் மை ஊறியதைப் போல விரிந்து பரவிக் கிடந்தது.

பரவிய எஃப் என்று இதற்குப் பெயர். அடர்ந்த அயனிகள் மேலேயும் மெலிந்தவை கீழேயும் நிற்கும் அந்த அமைப்பு நிலைகொள்ளாமல் குலைந்து, மெலிந்த பகுதிகள் குமிழிகளாக மேலே கிளம்புகின்றன. அவற்றினூடே வரும் ஜிபிஎஸ் குறிப்பலைகள் விண்மீனைப் போலக் கண்சிமிட்டுகின்றன. பெரு நாட்டின் உவாங்காயோ நிலையத்து அயனோகிராம்களில் புக்கரும் வெல்சும் இதைக் கண்டு 1938இல் எழுதினார்கள்.

மாறுநிலை அதிர்வெண்ணுக்குக் கணினி ஓர் எண்ணைத் தசமப் புள்ளியோடு தயங்காமல் எழுதியிருந்தது. அம்மையார் அந்தக் கறையை இரண்டு மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தார். முந்தைய இரண்டு படங்களையும் எடுத்து அருகில் வைத்து ஒப்பிட்டார். பிறகு எண்ணை அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் எஃப் என்ற ஒற்றை எழுத்தை மட்டும் இட்டார். பரவலால் அளவிட இயலவில்லை என்பதற்கு உலகெங்கும் வழங்கும் குறி அது. நான் வெளியே வந்து வண்டியில் ஏறும்போது மணி 8 ஆகியிருந்தது. மடியிலிருந்த வானொலி மறுபடி 'டர்ர்ர்' என்றது.